மலைச்சரிவில் அவையடக்கம்

பனிச்சரிவில் மனிதர்கள் மாண்ட செய்தி வரும்போது 'இயற்கையின் சீற்றம்' என்று தலைப்பிடுவது நம் இதழ்களின் வழக்கம். இத்தொடர் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. சீற்றம் என்று சொல்லிவிட்டால் பழி முழுவதும் மலையின் தலையில் விழுந்துவிடுகிறது. பொழுதுபோக்காகப் பனிச்சறுக்குக்குச் செல்வோர் உயிரிழக்கும் விபத்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதைத் தொடக்கிவைப்பவர், சிக்கியவரோ அவர்தம் குழுவினரோதான்.

இது எப்படி நிகழ்கிறது? ஒவ்வொரு பனிப்பொழிவும் மலைமேல் ஓர் அடுக்காகப் படிகிறது. மேகமற்ற குளிரிரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற பனிப்படிகங்கள் முளைக்கும். காண்பதற்கு மிக அழகானவை. அடுத்த புயலில் அவை கலையாமல் புதைந்துபோனால், பழைய பனிக்கும் மேலே சேரும் கனத்த பனிக்கும் இடையே பிடிப்பற்ற தளமாக வாரக்கணக்கில் கிடக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில், அதன்மேல் செல்லும் ஒருவரின் எடையே போதும். விரிசல் நொடியில் பரவி, மேலுள்ள பனி பாளம்பாளமாகப் பெயர்ந்து இறங்கிவிடும். புதையுண்டவரைப் பத்து நிமிடங்களுக்குள் மீட்டால் பெரும்பாலும் பிழைப்பார். அதன்பின் நம்பிக்கை விரைந்து தேய்கிறது.

இவற்றை அறியாதவர்கள்தாம் சாகிறார்கள் என்று நினைப்போம். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் டனல் கிரீக் சரிவில் நடந்தது வேறு. அன்று இறங்கிய பதினாறு பேர் கொண்ட குழுவில் தொழில்முறை வீரர்களும் பனிச்சறுக்கு இதழாளர்களும் அம்மலையை நன்கறிந்த உள்ளூர்க்காரர்களும் இருந்தனர். பனிச்சரிவு அபாயம் குறித்த எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. மூவர் மாண்டனர். இந்நிகழ்வை 'ஸ்னோ ஃபால்' என்ற தலைப்பில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய ஜான் பிராஞ்ச், 2013இல் புலிட்சர் பரிசு பெற்றார். அக்கட்டுரையில் என்னை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. குழு பெரிதாகிவிட்டதே என்ற தயக்கம் சிலருக்கு முன்னமே இருந்திருக்கிறது. ஆனால் எவரும் வாய்திறந்து தடுக்கவில்லை. இத்தனை தேர்ந்தவர்கள் உடனிருக்க, நாம் என்ன சொல்வது என்ற எண்ணம்.

இயான் மெக்காமன் என்னும் ஆய்வாளர், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனம் விழும் பொறிகளை வகைப்படுத்தினார். பழகிய இடம் என்ற துணிவு, குழுவில் ஒருவரை வல்லுநர் என நம்பி ஒப்படைத்துவிடுதல், பிறர் செல்கிறார்களே என்ற தைரியம் ஆகியன அவற்றுட் சில. பழகிய சரிவுகளில், உயர்பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியற்றவர்களுக்கு இணையாகவே ஆபத்தில் இறங்கியிருந்தனர் என்பது அவர் கண்டது.

எச்சரிக்கைகள் போதாவா என்று கேட்கலாம். அபாயத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து நாள்தோறும் அறிவிக்கிறார்கள். ஆனால் ஐந்தில் மூன்று என்றதும் நம் மனம் அதை 'நடுத்தரம்' என்று வாசித்துக்கொள்கிறது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் நேர்கிறது. அறிவிப்பை யாரும் வாசிக்கலாம். குழுவுக்குள் அதை எடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும்.

நம் புலவர்கள் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவர். கற்றோர் முன் தம் சிறுமையைச் சொல்லிப் பணிவது அது. நூலுக்கு அது அணி. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக அதைச் சிலாகித்துப் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் ஐயம் தோன்றியும் பெரியோர் முன் வாய்மூடி நிற்பதை நான் இனி அடக்கம் என்று சொல்லத் தயங்குவேன். தன் உயிரைத் தானே பணயம் வைப்பவனை நாம் ஏன் தடுக்கவேண்டும் என்போர் உண்டு. சரிவில் ஒருவன் வைக்கும் அடி, கீழே நிற்பவன் மேல் மலையை இறக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணவேண்டும்.

பனிச்சரிவுப் பயிற்சிகளில் இன்று ஒரு விதி சொல்லித்தரப்படுகிறது. குழுவில் எவரேனும் ஒருவர், அவர் எவ்வளவு புதியவராயினும், 'வேண்டாம்' என்றால் அனைவரும் திரும்பிவிட வேண்டும். காரணம் சொல்லும்படி அவரை நெருக்கக்கூடாது. பனி அடுக்குகளை ஆராயும் கருவிகள் அனைத்தையும்விட எனக்கு இவ்விதி பெரிதாகத் தோன்றுகிறது. தேர்ந்தவர்கள் கூடியிருக்கும் எந்த அவைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.