மீதிப் பணத்தை யார் கட்டுவது?

எண்ணூர் ஆலையொன்றில் எந்திரத்தில் சிக்கி ஒருவரின் கை நசுங்குகிறது. நுண்ணறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனை, அவரது காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. இத்தகையோருக்காகவே பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் 2024 ஜனவரியில் ‘எங்கும் ரொக்கமில்லாச் சிகிச்சை’யை அறிவித்தது. அவசர சிகிச்சையெனில், மருத்துவமனையில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தால் போதும் என்றார்கள்.

போதவில்லை. முதலில் அந்த மருத்துவமனை இதற்கு இசைய வேண்டும். இசைந்தாலும், பட்டியல் மருத்துவமனையுடன் இருப்பதுபோல் முன்பே பேசி முடித்த கட்டணம் இங்கு இல்லை. ‘நியாயமான, வழக்கமான கட்டணம்’ என்று தான் கருதுவதையே நிறுவனம் தரும். மீதி நோயாளியின் தலையில் விழும். அறை வாடகை வரம்பு மீறினால் மருத்துவர் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். பொருளியல் கற்பித்த நானே என் முதல் பாலிசியில் இந்த விதியை வாசிக்கவில்லை.

இதில் மாட்டிக்கொள்பவர் நடுவில் நிற்பவர். மாத ஊதியம் 2017இல் வகுத்த 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் இஎஸ்ஐ இல்லை. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டியதால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இல்லை. எஞ்சியிருப்பது வீட்டு நகை.

கை அறுவைக்கு நாடறிந்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையிலேயே இருக்கிறது. முதலில் அங்கு செல்வதே நன்று. ஆனால், அதைக் காட்டி பிரீமியம் வாங்கிய நிறுவனத்தை விடுவிக்க இயலாது. மொத்தச் செலவில் எவ்வளவு தருவோம் என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் உறுதியளிக்க ஐஆர்டிஏஐ கட்டாயப்படுத்த வேண்டும். ரொக்கமில்லாச் சிகிச்சைக் கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்ட அமைப்புக்கு இது இயலாத காரியமன்று.