மீண்டு வரும் லிம்போமா: அரசுப் பணத்தில் ஆய்வு தேவை

சிகிச்சைக்கு அடங்காத, அல்லது அடங்கிப் பின் மீண்டு வரும் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்து முறைகளை அரசு தன் பணத்தில் இங்கேயே ஆய்வு செய்ய வேண்டும். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இந்நோய்க்கு உருவாக்கிய, நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பெருமைதான், ஆனால் செலவு பல லட்சம். முதலமைச்சர் காப்பீட்டின் வரம்போ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 1954 முதல் ஏழைகளுக்குக் கதவு திறந்திருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருவோரில் பலருக்கு இன்றும் கீமோதெரபியே கதி. கனடா முன்னின்று 619 நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜெம்சிடபின், டெக்ஸாமெதசோன், சிஸ்பிளாட்டின் சேர்ந்த முறை, வழக்கமான முறைக்குக் குறையாத பலன் தந்தது; பக்கவிளைவும் குறைவு. பெரும்பாலும் புறநோயாளியாகவே பெறலாம் என்பது, கூலியை இழந்து துணைக்கு வரும் உறவினருக்குச் சிறிய செய்தியல்ல. மூன்றும் காப்புரிமை தீர்ந்த மருந்துகள். அவற்றை ஆராய எந்த நிறுவனம் பணம் போடும்? நம்மவர் உடலுக்கு ஏற்ற அளவு எது, தொற்று அபாயம் எவ்வளவு என்பதை இங்குள்ள ஆய்வே சொல்லும். நோயாளிகளைச் சோதனை எலிகளாக்குவதா என்ற அச்சம் நியாயமானது. நெறிமுறைக் குழு ஒப்புதலும் இழப்பீடும் மருந்துப் பரிசோதனைக்கான 2019 விதிகளில் உள்ளன. அவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. ஒப்புதல் படிவம் எளிய தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் வாசித்து விளக்கப்பட வேண்டும். மருந்து, பரிசோதனை, பயணம், தங்குமிடம் ஆகிய செலவுகள் முழுவதையும் ஆய்வு நிதியே ஏற்க வேண்டும். இதற்கான ஒதுக்கீட்டை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே மாநில அரசு அறிவிக்க வேண்டும்.