பறக்காத கிளியின் பரம்பரை ஏடு

கிளி என்றதும் வானில் கூட்டமாய்ப் பறக்கும் பச்சைப் பறவைகளே நம் நினைவுக்கு வரும். நியூசிலாந்து நாட்டிலோ பறக்கவியலாத கிளியொன்று உண்டு. காக்காப்போ என்னும் அதன் பெயர், மாவோரி மொழியில் ‘இரவுக் கிளி’ எனப் பொருள்படும். கிளியினத்துள் எடை மிக்கது அதுவே. றீமு மரங்கள் நிறையக் காய்க்கும் ஆண்டுகளில் மாத்திரமே, அதாவது இரண்டு தொடக்கம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே, அது முட்டையிடும்.

மனிதன் கொண்டுசென்ற பூனை முதலிய விலங்குகளுக்கு இரையாகி, 1995ஆம் ஆண்டில் 51 பறவைகளே எஞ்சின. பகைவிலங்குகள் இல்லாத தீவுகளில் அவற்றைக் குடியேற்றிக் காத்தனர். எனினும் மற்றோர் இடர் இருந்தது. நெருங்கிய உறவுடையவை தம்முள் இணைசேர்ந்தமையால் இனத்தின் வளம் குன்றியது; இட்ட முட்டைகளுள் ஏறக்குறையப் பாதி பொரிப்பதில்லை. எவற்றுக்குள் உறவு நெருக்கம் என்பதை எவ்வாறு அறிவது?

ஒவ்வோர் உயிரின் கலத்துள்ளும், நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட பரம்பரை ஏடு உண்டு. இக்கிளியின் ஏட்டில் எழுத்துக்கள் நூறு கோடிக்கும் மேல். அப்பொழுது உயிருடனிருந்த 125 பறவைகளின் ஏட்டையும் முழுமையாக வாசிக்கும் முயற்சி 2015இல் தொடங்கியது. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பதுபோல, ஆய்வாளர் இவ்வேடுகளை ஒப்பிட்டனர். 169 பறவைகளைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளிவந்தது.

அதற்கு முன்னரே, 2021இல் வெளிவந்த ஆய்வொன்று வியப்பளித்தது. ஸ்ரூவாட் தீவின் கிளிகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் தனித்து வாழ்ந்தவை. அவற்றிலே தீய பிழைகள் மலிந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், அழிந்துபோன பெருநிலக் கிளிகளிலும் பார்க்க அவற்றில் அப்பிழைகள் குறைவாகவே காணப்பட்டன. சிறு கூட்டத்தில் அத்தகைய பிழைகள் விரைவில் வெளிப்பட, அவற்றைச் சுமந்தவை சந்ததியின்றி மறைந்தன போலும்!

பெருநிலத்தின் ஏடோ ஒரே பறவையிடம் எஞ்சியிருந்தது. 1975இல் பியோட்லாந்திற் கண்டெடுக்கப்பட்ட அச்சேவலுக்கு றிச்சாட் ஹென்றி என்று பெயரிட்டனர். 1998இல் அதன் வழியில் மூன்று குஞ்சுகள் பிறந்தன. 2010இல் அது இறந்தது. அம்மூன்றும் பிறந்திராவிடின் பிரதியில்லாத ஓர் ஏடு அதனுடன் அழிந்திருக்கும்.

2022இல் இக்கிளிகள் 252 ஆகப் பெருகின. எண்ணிக்கை பெருகியதை எண்ணி மகிழ்வோம். ஆயினும் ஓரினத்தைக் காப்போர் எத்தனை உள என்று கேட்டால் மாத்திரம் போதாது. எவை உள என்றும் கேட்டல் வேண்டும். மாணவர்களே, ஏட்டை வாசித்தவர் விஞ்ஞானிகள். இரவெல்லாம் கூட்டருகே விழித்திருந்து குஞ்சுகளைக் காத்தவரோ பெயரறியாத் தொண்டர்கள். இவ்விருவருள் ஒருவர் இல்லையேல் மற்றவர் உழைப்பு வீணே.