திருட்டை உறுதிசெய்ய இரண்டு பிரதிகள் போதும்

வேலப்பன்சாவடியில் உள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் 1,500 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அவற்றில் பல, அதே கல்லூரியின் பழைய கட்டுரைகளுக்கான மேற்கோள்களோடு ஆய்விதழ்களில் வெளியாயின என்று 2023 ஜூனில் 'சயன்ஸ்' இதழ் எழுதியது. அது தன்மேற்கோள் சர்ச்சை. கருத்துத் திருட்டுப் புகார் அல்ல. ஆனால், ஆய்வுக் கட்டுரை இன்று எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதை அது காட்டிவிட்டது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் கல்லூரித் தரவரிசை வெளியீடுகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர் அந்தத் தரவரிசையைப் பார்க்கிறார்கள். ஆக, கட்டுரையால் ஆதாயம் அடைபவர் எழுதியவர் மட்டுமல்ல, கல்லூரியும்தான்.

அப்படியொரு கட்டுரை திருடப்பட்டது என்று புகார் வந்தால் விசாரிப்பது யார்? அதே கல்லூரி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என இரண்டை அமைக்கச் சொல்கின்றன. நிறுவனக் குழுவின் நான்கு பேரில் வெளியாள் ஒருவர்தான். அவரையும் நியமிப்பவர் நிறுவனத் தலைவர். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, மூன்று ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை ஏற்க முடியாது. தண்டனைப் பட்டியல் தெளிவு. நீதிபதிதான் வாதியா பிரதிவாதியா என்று தெரியவில்லை.

ஆய்விதழ்களும் கல்லூரியின் கதவையே தட்டுகின்றன. இதழாசிரியர்களுக்கு வழிகாட்டும் 'கோப்' அமைப்பு, முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கச் சொல்கிறது. பதில் இல்லையென்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அங்கும் மௌனம் என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும். அதுவரை கட்டுரை இணையத்தில் இருக்கும், மேற்கோளும் சேர்ந்துகொண்டிருக்கும்.

விசாரிக்க இதழுக்கு அதிகாரம் ஏது என்பது வழக்கமான பதில். தரவுகளைப் புனைந்த வழக்கில் இது சரி. ஆய்வகக் குறிப்பேடு கல்லூரியின் கையில்தான் இருக்கும். கருத்துத் திருட்டு அப்படியல்ல. மூலமும் நகலும் அச்சில் கிடக்கின்றன. யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒப்பிடலாம். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை 25 இதழ்களில் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் நகல் அல்லது புனைவு என்று 2008இல் அம்பலமானது. அவற்றில் நகல்களிடம் இதழ்கள் ஏமாந்ததற்குக் காரணம் அதிகாரக் குறைவு அல்ல, ஒப்பிட்டுப் பார்க்காததுதான்.

எனவே வேலையைப் பிரித்துவிட வேண்டும். பிரதிகள் பொருந்துகின்றனவா என்பதை இதழே முடிவுசெய்து, புகார் வந்த சில வாரங்களில் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட வேண்டும். விளக்கம் நிற்கவில்லை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். எவ்வளவு தண்டனை என்பதை மட்டும் கல்லூரி பார்க்கட்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை என்.ஐ.ஆர்.எஃப் 2025இல் கொண்டுவந்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால், குற்றத்தை ஒப்புக்கொண்டால் தரவரிசையில் சரிவு என்றான பின், எந்தக் கல்லூரி தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும்?