வராத பாடலும் வந்துவிட்ட பாவமும்

 

உறவினர் இல்லத்து நிக்காஹ் ஒன்றிற்காக மரக்காணம் சென்றிருந்தோம். இஷா தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, வாயிலருகே இளைஞர் ஐவர் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஊர்ப் பிரச்சினை ஏதோ என்று நினைத்து அருகில் சென்றோம். பொருள் வேறு. ஏ.ஆர். ரஹ்மானும் ஹான்ஸ் ஜிம்மரும் சேர்ந்து இசையமைக்கும் 'ராமாயணா' திரைப்படத்தில் எத்தனை பாடல்கள் இருக்கும், எது யாருடைய கைவண்ணமாக இருக்கும், யார் பாடியிருப்பார்கள் என்பதே அன்றைய வழக்கு. ஒரு தம்பி முழுப் பாடல் பட்டியலையே வாசித்தார். "இது எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டோம். "குரூப்பில் வந்தது, அண்ணே" என்றார். அந்தப் பட்டியலின் அடியில், அடுத்த வாரம் முதல் பாடல் வெளியாகும் என்ற அறிவிப்பும் அதையொட்டி 'இன்ஷா அல்லாஹ்' என்ற சொல்லும் இருந்தன.

ஆதாரமற்ற ஒரு செய்திக்கு அல்லாஹ்வின் நாட்டத்தை ஒட்டுப்போடும் அந்தத் துணிவுதான் எம்மை இதனை எழுதத் தூண்டியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். இசை ஆகுமா, ஆகாதா என்ற மார்க்க விவாதத்திற்குள் நாம் இங்கு நுழையவில்லை. அதனை உலமாப் பெருமக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். ரஹ்மானின் கலையைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது அதன் ஒலிநாடாவைத் தேடி அலைந்த தலைமுறையினர் நாம். சென்னையில் ராக் இசைக்குழுக்களில் வாசித்துத் திரிந்த ஓர் இளைஞர், 2009இல் ஆஸ்கர் மேடையேறி 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் மொழிந்தபோது நம் வீடுகளில் எழுந்த மகிழ்ச்சியை நாம் மறந்துவிடவில்லை. ஒருவரின் அடுத்த படைப்பிற்காகக் காத்திருப்பதும் குற்றமன்று.

நாம் எதிர்ப்பது ஊகத்தை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் பழக்கத்தை.

அப்படத்தைப் பற்றி உறுதியாக அறிவிக்கப்பட்டவை மிகச் சில. நித்தேஷ் திவாரி இயக்குகிறார், இரண்டு பாகங்கள், முதற்பாகம் 2026 தீபாவளிக்கும் அடுத்தது 2027 தீபாவளிக்கும் என்று அறிவித்துள்ளனர், இசை இருவருடையது. இவற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த இளைஞர்களோ ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தனர். மீதி நேரமெல்லாம் எதனால் நிரம்பியது என்பதைச் சிந்தியுங்கள்.

இத்தகைய ஊகங்கள் யாருக்கு எதனைப் பெற்றுத் தந்தன? இளையராஜா 1993இல் லண்டனில் ஒரு சிம்பொனியை உருவாக்கினார். அது வெளிவரவேயில்லை. ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று முப்பது ஆண்டுகளாக ரசிகர்கள் கதை கட்டினர். இறுதியில் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது 'வேலியன்ட்' என்னும் வேறொரு புதிய படைப்பு. அமெரிக்காவின் கன்ஸ் அன்ட் ரோசஸ் என்ற ராக் குழு, 1990களில் தொடங்கிய 'சைனீஸ் டெமாக்ரசி' இசைத்தொகுப்பை 2008இல்தான் வெளியிட்டது. அவ்வளவு காலமும் அதன் ரசிகர்கள் நாள் குறித்தார்கள். குறித்த நாள்கள் கடந்து போயின. ஊகித்தவர் எவரும் ஒரு சுரத்தைக்கூட முன்கூட்டிக் கேட்டுவிடவில்லை.

"பொழுதுபோக்காகத்தானே பேசுகிறோம்? இதில் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2024 நவம்பரில் இருக்கிறது.

அம்மாதம் 19ஆம் நாள் ரஹ்மான் தம்பதியரின் பிரிவுச் செய்தி வெளியானது. அதே நாளில், அவருடைய இசை நிகழ்ச்சிகளில் வாசித்து வந்த ஒரு பெண் கலைஞரும் தம் மணமுறிவை அறிவித்தார். இரண்டு அறிவிப்புகள், ஒரே நாள். இவ்வளவுதான் கையில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு முழுக்கதை புனையப்பட்டு, விடிவதற்குள் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. அவருடைய பிள்ளைகள் மறுக்க வேண்டியதாயிற்று. அவதூறுகளை நீக்கக் கோரி வழக்கறிஞர் வழியே அறிவிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. இதனைப் பரப்பியவர்கள் யாரோ அயலார் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் குடும்பக் குழுக்களிலும் அது வலம் வந்தது. நம்மில் பலர் அதனைத் தடுக்காமல் படித்தோம். சிலர் அடுத்தவருக்கு அனுப்பினோம்.

பாடல் பட்டியலை ஊகித்த அதே முறைதான் இங்கும் வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். முன்னோட்டத்தில் ஒரு நொடி ஒலித்த இசையிலிருந்து ஒரு முழுப்பாடலைக் கற்பித்துக்கொள்ளும் மனம், ஒரு தேதிப் பொருத்தத்திலிருந்து ஒரு பாவத்தைக் கற்பித்துக்கொண்டது. முன்னதில் பழகிய நாவுதான் பின்னதில் வழுக்கியது. விளையாட்டில் விட்டுவைத்த பழக்கம் வினையில் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இது மார்க்கத்தில் சிறிய விஷயமா? ஊகங்களில் பலவற்றை விட்டு விலகிக்கொள்ளுமாறும், அவற்றுள் சில பாவமாகும் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் எச்சரிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அதே வசனம் அடுத்தடுத்துத் தடுக்கிறது. ஊகம், துருவல், புறம் என்ற அந்த வரிசையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதோருக்கு எண்பது கசையடி என்றும், அவர்களின் சாட்சியம் இனி ஏற்கப்படலாகாது என்றும் அந்நூர் அத்தியாயம் 4ஆம் வசனம் விதிக்கிறது. 'ஃபார்வர்ட்' பொத்தானை அழுத்திய விரலுக்கு இதில் விதிவிலக்கு உண்டென்று யார் சொன்னது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகள் அவதூறு கிளப்பியபோது அது ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனாவின் வாய்களில் உலவியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லமே அத்துயரில் வெந்தது. வஹீ இறங்கி அன்னையின் தூய்மையை அறிவித்தபோது, கேட்ட மாத்திரத்தில் நல்லெண்ணம் கொள்ளாமற்போன மூமின்களையும் அது கண்டித்தது. பொய்யைப் புனைந்தோருக்கு மட்டுமன்று, காது கொடுத்தோருக்கும் கண்டனம் உண்டு என்பதை அந்நூர் 12ஆம் வசனத்தில் காண்க.

இனி, ரசிகர்களை ஏளனம் செய்யும் மற்றொரு சாராரிடம் வருகிறோம். "முஸ்லிமாக இருந்துகொண்டு இந்தப் படத்திற்கு இசையமைக்க எப்படி ஒப்புக்கொண்டார்? பணத்திற்கா, பயத்திற்கா, ஈமான் போய்விட்டதா?" என்று இவர்கள் கேட்கிறார்கள். பேணுதல் என்ற பெயரில் வரும் இதுவும் ஊகமே. ஒரு செயல் சரியா என்று மார்க்க அடிப்படையில் ஆராய்வது வேறு. செய்தவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்பளிப்பது வேறு. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, அச்சத்தால்தான் சொன்னார் என்று கருதி உஸாமா (ரலி) வெட்டிவிட்டார்கள். அவர் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவரைத் திரும்பத் திரும்பக் கண்டித்த செய்தி முஸ்லிம் ஹதீஸ் நூலில் உள்ளது. களத்தில் வாளேந்தி நின்ற நபித்தோழருக்கே கிடைக்காத அனுமதி, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் வரப்போவதைப் பற்றி எதுவுமே சொல்லக் கூடாதா? சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதை அன்றிரவு மரக்காணத்திலேயே கற்றோம்.

அந்த இளைஞர்களுக்குச் சற்றுத் தள்ளி, உப்பளத்தில் குத்தகைக்கு உழைக்கும் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "இம்முறை எப்போது உப்பு வாருவீர்கள்?" என்று பேச்சுக் கொடுத்தோம். "நாளைக்குப் போய் டிகிரி பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்த்தாலும், மழை இல்லாமல் இருந்து, அல்லாஹ் நாடினால்தான்" என்றார்.

கடல்நீரின் செறிவு சுமார் 3 டிகிரி. பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ச்சி, அது 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 30ஐ நெருங்கினால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். எனவே அந்நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதே மண்ணில் நின்றவர், அளவுமானியை இடாமல் ஒரு சொல்லும் சொல்ல மறுக்கிறார். அளந்த பிறகும் நிபந்தனையோடு சொல்கிறார். அவர் கூறியதும் 'இன்ஷா அல்லாஹ்'தான். ஆனால் அதன் பின்னால் ஓர் அளவும் ஓர் அடக்கமும் இருந்தன. இதற்குப் பெயர் கணிப்பு. கைப்பேசியில் நாம் கண்டது ஊகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டோம். அந்த நவம்பர் 19க்குப் பின் பதினொரு நாள்களில், 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு எப்படியும் வேலையில்லை. அதனால்தான் 2022 முதல் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. வருமானமற்ற அந்நாள்களில் வெள்ளமும் வந்து சேர்ந்தது. நாமோ அந்த இரவுகளில், சென்னையில் ஒரு குடும்பத்தின் மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அலசிக்கொண்டிருந்தோம். அறிய முடியாததில் மூழ்கியிருந்த நம் கண்களுக்கு, அறிந்திருக்க வேண்டியது தெரியவில்லை. நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 36ஆம் வசனம் கூறுவதன் பொருள் அப்போது உறைத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் கைப்பேசியைப் பறிக்க வேண்டாம். ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பாடல் பட்டியலுக்கும் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் செய்திக்கும் கேளுங்கள். அத்தாவும் அம்மாவும் தாங்கள் அனுப்பும் செய்திகளுக்கு அதே கேள்வியைத் தமக்கும் கேட்டுக்கொள்ளட்டும். தெரியாது என்று சொல்வதில் இழிவில்லை என்பதைப் பிள்ளை நம்மிடமிருந்துதான் கற்க வேண்டும்.

பாடல் வரும்போது வரட்டும். கேட்பவர் கேட்கட்டும், தவிர்ப்பவர் தவிர்க்கட்டும். அதுவரை, கேளாத பாட்டிற்கும் காணாத குற்றத்திற்கும் சாட்சி சொல்வதிலிருந்து நம் நாவுகளையும் விரல்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.