லேக் அடிக்குது மச்சி!

ராத்திரி பதினொன்றரை மணி. காலையில இன்டர்னல்ஸ். இந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க? கரெக்ட்... வேலரன்ட்! ஸ்கோர் 12-12. எதிரி எந்த மூலையில இருந்து வருவான்னு கணிச்சு, மூச்சை அடக்கிக் காத்திருக்கீங்க. வர்றான்... மவுஸை அமுக்குறீங்க... ஸ்க்ரீன் மெரினா சிலை மாதிரி அப்படியே நிக்குது! மறுபடி அசையும்போது நீங்க பரலோகம் போய்ச் சேர்ந்தாச்சு. ஹெட்செட்ல நாலு பேர் உங்க பரம்பரையையே இழுக்க, நீங்க பரிதாபமா சொல்ற ஒரே டயலாக்... ''லேக் அடிக்குது மச்சி!''

இந்த 'லேக்'ங்கிற வார்த்தைதான் பாஸ் முதல் வில்லன். 'உடம்பு சரியில்லை'னு லீவ் லெட்டர் எழுதுற மாதிரி, எல்லாமே அதுல அடங்கிடும். என்ன வியாதின்னு மட்டும் தெரியாது. வியாதி தெரியாம மருந்து வாங்கினா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஏன்னா, தப்பான மருந்து எழுதிக் கொடுத்த போலி டாக்டரே ஐயாதான்!

கோவையில எங்க காலேஜ் பக்கத்துல ஆறு பசங்க சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்காங்க. அதுல ஒருத்தன் என் ஜூனியர். அவங்க அம்மா மகளிர் சுய உதவிக் குழுவுல கடன் வாங்கித்தான் கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்பினாங்க. பார்ட் பார்ட்டா வாங்கி, அவனே அசெம்பிள் பண்ணினான். கடன்ல மிச்சம் பதினஞ்சாயிரம் அடுத்த செமஸ்டர் செலவுக்குனு பேங்க்ல கிடந்தது. ஒருநாள் கேன்ட்டீன்ல, ''அண்ணா, கேம் திக்குதுண்ணா... என்ன பண்ணலாம்?''னு கேட்டான். நான் அந்த கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பரோட்டாவுக்குச் சால்னா ஊத்திக்கிட்டே, ''கிராஃபிக்ஸ் கார்டை மாத்துடா தம்பி''னு தீர்ப்பு சொல்லிட்டேன். சீனியர் வாக்கு ஆச்சே! 14,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்டு வாங்கிப் போட்டான்.

திக்கல் கொஞ்சம்கூடக் குறையல. அன்னிக்கு ராத்திரி அவன் போன்ல திட்டவெல்லாம் இல்லை. ''பரவால்லண்ணா''ன்னான். திட்டியிருந்தாக்கூட நிம்மதியா தூங்கியிருப்பேன். மறுநாள் லேபை கட் அடிச்சுட்டு நேரா அவன் ரூமுக்குப் போயிட்டேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். தப்பு உங்க மெஷின்லயா, இல்லை மெஷினுக்கு வெளியே நெட் போற ரோட்டுலயா? கண்டுபிடிக்க ரொம்ப சிம்பிளான வழி இருக்கு. மேட்ச்ல திக்கும்போது மவுஸை இடதும் வலதுமா ஆட்டுங்க. நீங்க திரும்பிப் பார்க்குறதுகூட நின்னு நின்னு வந்தா, நோய் மெஷின்ல. ஏன்னா, உங்க பார்வை திரும்புறதை வரையறது உங்க கம்ப்யூட்டர்தான். சர்வர்கிட்ட கேட்டுட்டு வரையறதில்லை. நீங்க வழவழன்னு திரும்புறீங்க, ஆனா மத்தவங்க மட்டும் விட்டலாச்சார்யா பட பேய் மாதிரி இங்கே மறைஞ்சு அங்கே முளைக்கிறாங்கன்னா, நோய் ரோட்டுல. சந்தேகம் தீரலையா? நெட்டைப் பிடுங்கிட்டு, ஆஃப்லைன்ல ஓடுற ஏதாவது ஒரு கேமைப் போட்டுப் பாருங்க. அங்கேயும் திக்கினா, பாவம் உங்க பிராட்பேண்டு கம்பெனியைத் திட்டாதீங்க!

எங்க ஜூனியர் கேஸ்ல ரெண்டு நோயும் இருந்துச்சு. அதான் கொடுமை. முதல்ல மெஷின்.

''எஃப்.பி.எஸ் 140 காட்டுதுண்ணா. அப்புறம் ஏன் திக்குது?''ன்னான். நியாயமான கேள்வி. இங்கேதான் கிரிக்கெட் ஆவரேஜ் மாதிரி ஒரு ஏமாத்து வேலை நடக்குது. ஒருத்தர் ஒரே மேட்ச்ல 200 அடிச்சுட்டு அடுத்த மூணுல டக் அவுட் ஆனாலும் ஆவரேஜ் 50தான்! எஃப்.பி.எஸ்ஸும் அப்படித்தான். ஒரு செகண்டுல 89 ஃப்ரேம் தலா 10 மில்லி செகண்டுல வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் 110 மில்லி செகண்டு எடுத்துக்கிட்டதுனு வைங்க. கூட்டினா சரியா ஒரு செகண்டு. மீட்டர் '90'னு பெருமையா காட்டும். ஆனா, நீங்க செத்தது அந்த 110 மில்லி செகண்டுலதான்!

அதனால எஃப்.பி.எஸ்ஸை விட்டுட்டு 'ஃப்ரேம் டைம்' பாருங்க. அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா எத்தனை மில்லி செகண்டு எடுத்துக்குது? 60 எஃப்.பி.எஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7, 144னா சுமார் 6.9. 2011-ல 'தி டெக் ரிப்போர்ட்' இதழோட ஸ்காட் வாஸன், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஆவரேஜை வெச்சு மட்டும் மார்க் போடாம, செகண்டுக்குள்ள புகுந்து ஒவ்வொரு ஃப்ரேமா அளந்து காட்டினார். அதுக்கப்புறம்தான் விமர்சனம் எழுதுறவங்க பலரும் இந்தப் பக்கம் திரும்பினாங்க. எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர், கேப்ஃப்ரேம்எக்ஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேர்லயே இந்த கிராஃப் கிடைக்கும். கோடு தட்டையா போனா ஆரோக்கியம். ஈ.சி.ஜி மாதிரி குத்துக்குத்தா எகிறினா, வியாதி!

அவன் மெஷின்ல அந்த கிராஃபைப் போட்டதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. குத்தா குத்துது... ஆனா கிராஃபிக்ஸ் கார்டு 30 சதவிகிதம்கூட வேலை செய்யல! சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டு இருக்கு. வேலரன்ட் மாதிரி கேம்ஸ், கார்டைவிட ப்ராசஸரையும் மெமரியையும்தான் அதிகம் நம்பி ஓடும். கார்டு வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு நம்பரைப் பார்த்திருந்தா போதும். பார்க்கலையே, சாமி!

அப்போ தப்பு எங்கே? கேபினெட்டைத் திறந்து பார்த்தா, மதர்போர்டுல நாலு ரேம் ஸ்லாட். தம்பி ரெண்டு ரேமையும் பஸ் சீட்ல பொண்டாட்டி புருஷன் மாதிரி பக்கத்துப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கான். வழக்கமா இந்த மாதிரி போர்டுகள்ல ஒரு ஸ்லாட் விட்டு ஒரு ஸ்லாட், அதாவது ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவதும் நாலாவதும் போடணும். மதர்போர்டு கூட வர்ற புக்லயே படம் போட்டிருப்பாங்க. (அந்த புக்கை யாரு படிக்கிறா!) அப்போதான் ரெண்டு சேனலும் வேலை செய்யும். பக்கத்துல போட்டா ரெண்டும் ஒரே சேனல்ல போய் மாட்டிக்கும். ரெட்டை வழி ரோடு போட்டுட்டு ஒரு பக்கத்தைத் தடுப்பு வெச்சு அடைச்ச மாதிரி.

அதோட, அந்த ரேம் மேல '3200'னு ஸ்டிக்கர். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் பார்த்தா 2133! பெரும்பாலான போர்டுகள்ல ரேம் தானா முழு வேகத்துல ஓடாது. பயாஸ்க்குள்ள போய் 'எக்ஸ்.எம்.பி' (சில போர்டுல 'எக்ஸ்போ')னு ஒண்ணை ஆன் பண்ணணும். பண்ணினதும் மெஷின் ஆன் ஆகலைன்னா பதறாதீங்க. பல போர்டுகள் ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, அதுவே பழைய வேகத்துக்குத் திரும்பிடும்.

ரேமை இடம் மாத்தி, எக்ஸ்.எம்.பி-யை ஆன் பண்ண எடுத்த நேரம் பத்து நிமிஷம். செலவு பூஜ்யம். கிராஃப் கோடு தண்டவாளம் மாதிரி படுத்துருச்சு. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஆனா படம் அத்தோட முடியல. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆள்லாம் மறைஞ்சு மறைஞ்சு தோணுறாங்கன்னான். அது ரோட்டு வியாதி. ரெண்டு கமாண்ட் விண்டோவைத் திறந்தோம். ஒண்ணுல ரவுட்டருக்கு 'பிங்', இன்னொண்ணுல வெளியில இருக்கிற 8.8.8.8-க்கு 'பிங்'. ரெண்டும் விடாம ஓடட்டும். ரவுட்டர் பிங்கே ஏறி இறங்கினா, பிரச்னை உங்க ரூம் வைஃபைல. ஒரே காத்துல அத்தனை பேரும் மாறி மாறிப் பேச வேண்டியிருக்கே! ஒரு லேன் கேபிள் இழுத்தா மேட்டர் ஓவர். எங்க கேஸ்ல கேபிள் ஏற்கெனவே இருந்தது. ரவுட்டர் பிங் 1 மில்லி செகண்டுல சமர்த்தா நிக்குது. வெளி பிங் மட்டும் 30-ல இருந்து திடீர்னு 400!

குற்றவாளி யாருன்னு நினைக்கிறீங்க? பக்கத்து ரூம் பையனோட செல்போன். அவன் தூங்கப் போகும்போது சார்ஜ்ல போடுவான். போடாத சார்ஜுக்குப் பழிவாங்குற மாதிரி, அது அன்னிக்கு எடுத்த வீடியோ பூராவையும் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சுடும். டோல்கேட்ல நூறு லாரி வரிசையா நின்னா, பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் என்ன பண்ணும்? ரவுட்டருக்குள்ள நடக்கிறது அதேதான். நீங்க சுட்ட குண்டு, அவன் எடுத்த பர்த்டே கேக் வீடியோவுக்குப் பின்னாடி க்யூவுல நிக்குது!

இந்த க்யூ வியாதிக்கு 'பஃபர்ப்ளோட்'னு 2010 வாக்குல பேர் வெச்சவர் ஜிம் கெட்டிஸ்ங்கிற அமெரிக்க இன்ஜினீயர். 2012-ல கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்ஸன் ரெண்டு பேரும் சேர்ந்து 'கோடெல்'னு ஒரு வைத்தியம் சொன்னாங்க. க்யூவுல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணாம, ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு பார்க்கிற டெக்னிக். காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்கு மேலயே தொடர்ந்தா, சில பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, அனுப்புறவனை 'மெதுவா வாப்பா'னு எச்சரிக்கும். சில ரவுட்டர்கள்ல 'எஸ்.க்யூ.எம்'ங்கிற பேர்ல இந்த வசதி இருக்கும். ஆன் பண்ணி, வேகத்தை உங்க லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வெச்சுடுங்க. அந்த வசதி இல்லையா? நண்பனோட கைகால்ல விழுந்து, வீடியோ ஏத்துறதைப் பகல் நேரத்துக்கு மாத்தச் சொல்லுங்க. நாங்க ஒரு ஃபலூடா வாங்கிக் கொடுத்துக் காரியத்தை முடிச்சோம்.

கஸ்டமர் கேர்ல கேட்டா, ''200 எம்.பி.பி.எஸ் பிளானுக்கு மாறிடுங்க சார்''னு தேனா பேசுவாங்க. ஒரு மேட்ச் ஓட ஓரிரு எம்.பி.பி.எஸ் போதும் பாஸ். உங்களுக்கு வேணுங்கிறது அகலம் இல்லை, காத்திருக்காம போற வழி. அதே நேரம், பிங்கை ஜீரோ ஆக்குறேன்னு யாராவது சாஃப்ட்வேர் வித்தா ஓடிடுங்க. ஃபைபர்ல ஒளி போறதே ஒரு மில்லி செகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான். கோவையில இருந்து மும்பை சர்வர் நேர்கோட்டுல கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். போயிட்டு வர குறைஞ்சபட்சம் 10 மில்லி செகண்டு. கேபிள் சுத்தி வளைச்சுப் போறதால நிஜத்துல அதைவிட அதிகம். ஐன்ஸ்டீனே வந்து உட்கார்ந்தாலும் அதுக்குக் கீழே இறக்க முடியாது!

மத்த வியாதிகளையும் சட்டுனு சொல்லிடறேன். முதல் இருபது நிமிஷம் வெண்ணெய் மாதிரி ஓடிட்டு அப்புறம் வெல்லப்பாகு ஆகுதா? சூடு. தூசியைத் தட்டுங்க, தட்டும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கங்க. புது கேம்ல ஒவ்வொரு எஃபெக்டும் முதல் தடவை வரும்போது மட்டும் திக்குதா? ஷேடரை அப்போதான் கம்பைல் பண்ணிட்டு இருக்கு. முதல்ல ஒரு பார் ஓடுமே, அதை ஸ்கிப் பண்ணாதீங்க. சில ரைஸன் மெஷின்ல கேமே இல்லாட்டியும் அப்பப்போ எல்லாம் உறைஞ்சு போகும். அது பாதுகாப்புக்கான எஃப்.டி.பி.எம், மதர்போர்டு சிப்போட பேசுற நேரத்துல வர்ற கோளாறுன்னு ஏ.எம்.டி-யே 2022-ல ஒப்புக்கிட்டு, பயாஸ் அப்டேட் கொடுத்தது. பழைய பயாஸ்லயே இருந்தா மாத்திடுங்க.

அப்புறம்... இதைச் சொல்ல வெட்கமா இருக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, செட்டிங்ல 60-லயே ஒரு வருஷம் ஓட்டினவங்களை எனக்குத் தெரியும். மானிட்டர் வயரை கிராஃபிக்ஸ் கார்டுல குத்தாம மதர்போர்டுல குத்தி வெச்சவங்களும் உண்டு. ரெண்டு பேருமே எங்க டிபார்ட்மென்ட். ஒருத்தர் நான். எந்த ஒருத்தர்னு சொல்ல மாட்டேன்!

'ஒரே கிளிக்ல டபுள் எஃப்.பி.எஸ்' சாஃப்ட்வேர், ரெஜிஸ்ட்ரி டிரிக்... அதெல்லாம் எனக்குப் பிடிக்காது. சிலது வைரஸையே பார்சல் கட்டிக் கொடுக்கும். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க, கிராஃபைப் பாருங்க, பேப்பர்ல எழுதுங்க. லேப் அப்சர்வேஷன் நோட்டு மாதிரி. (அதை நான் ஃப்ரெண்டைப் பார்த்து காப்பி அடிப்பேங்கிறது வேற விஷயம்.)

அந்த கிராஃபிக்ஸ் கார்டு என்ன ஆச்சுனுதானே கேட்கறீங்க? வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். 11,500தான் தந்தாங்க. மூவாயிரம் நஷ்டம். ''விடுங்கண்ணா''ன்னுதான் தம்பி சொன்னான். அவங்க அம்மா ஒவ்வொரு வாரமும் குழுவுல தவணை கட்டுறது எனக்குத் தெரியும். அதனால இந்தப் பத்திரிகையில வர்ற சன்மானத்துல மாசாமாசம் ஐந்நூறு ரூபாயை அவன்கிட்ட கொடுத்துட்டு வர்றேன்.

இன்னும் ரெண்டு தவணை பாக்கி. எடிட்டர் சார்... செக்கை சீக்கிரம் அனுப்புங்க!