எண்ணூறு மீட்டரும் ஒரு நாற்காலியும்

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில், பெண்களுக்கென்று முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் எல்லைக் கோட்டை அடைந்தார்கள். முதலாவதாக வந்த ஜெர்மனியின் லீனா ராட்கே, 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையை நிலைநாட்டினார். இரண்டாவதாக வந்த கினுவே ஹிட்டோமி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணி. இவ்வளவு சிறப்புடன் முடிந்த அந்தப் பந்தயத்தைப் பற்றி மேனாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்த வர்ணனைகளோ முற்றிலும் வேறு விதமாக இருந்தன. பதினொரு பெண்கள் ஓடியதாகவும், ஐவர் பாதி வழியிலேயே விலகிவிட்டதாகவும், மற்றோர் ஐவர் கோட்டைத் தாண்டியதும் மூர்ச்சித்து விழுந்ததாகவும் கூசாமல் எழுதினார்கள். பெண்ணின் சரீரம் இத்தனை தூரத்தைத் தாங்காது என்ற அபிப்பிராயம் முன்னமேயே வேரூன்றியிருந்த நிர்வாகிகளுக்கு அந்தக் கட்டுக்கதையே போதுமான சாட்சியமாயிற்று; பந்தயத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ஆம் ஆண்டில், ரோம் நகரில். இடைப்பட்ட காலம் முழுவதும், 200 மீட்டருக்கு அதிகமான தூரத்தை ஒலிம்பிக் மைதானத்தில் ஓடும் உரிமை உலகத்தின் எந்தப் பெண்ணுக்கும் இருக்கவில்லை.

எண்ணூறு மீட்டர் என்பது வேகமும் தாங்குசக்தியும் ஒருங்கே வேண்டப்படுகிற கடுமையான ஓட்டம். அதை முழு மூச்சுடன் ஓடி முடித்தவர்கள் புல்தரையில் சாய்ந்து மூச்சு வாங்குவது இயல்பு. அன்றும் சரி, இன்றும் சரி, ஆண்களும் அப்படித்தான் சாய்கிறார்கள். ஆண் சாய்ந்தால் அவன் உயிரைக் கொடுத்து ஓடினான் என்றும், பெண் சாய்ந்தால் அவள் ஓடியிருக்கவே கூடாது என்றும் பொருள் கொண்ட அந்தக் கண்ணோட்டம்தான் முப்பத்திரண்டு ஆண்டுகளை விழுங்கியது. ராட்கேயின் சாதனை நேரம் ஏட்டில் இருந்தும், அதை எடுத்துக்காட்டி வாதாட, முடிவு செய்கிற சபையில் ஒரு பெண்குரல் இல்லாமற்போனதுதான் இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்தப் பந்தயம் முதலில் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த பியர் தெ கூபர்த்தின் பிரபு, பெண்கள் போட்டியிடுவதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளாதவர். அவருடைய நாட்டிலேயே, நாந்து நகரத்தில் பிறந்து, படகு வலிப்பதில் தேர்ச்சி பெற்றிருந்த அலிஸ் மிலியா என்ற பெண்மணி, பெண்களின் ஓட்டப் பந்தயங்களை ஒலிம்பிக்கில் சேர்க்கும்படி விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டபோது மனம் தளர்ந்து வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1921-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே ஒரு சர்வதேச விளையாட்டுச் சம்மேளனத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பாரிஸ் நகரில், ஒரே நாளில், ஆயிரம் மீட்டர் ஓட்டம் உட்படப் பல பந்தயங்களை வெற்றிகரமாக நடத்திக் காட்டினார். பல்லாயிரம் பேர் திரண்டு வந்து பார்த்த அந்த விளையாட்டுகளை இனியும் அலட்சியம் செய்ய இயலாது என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான், 1928-இல் ஐந்தே ஐந்து தடகளப் போட்டிகளைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஆக, ஒரு பெண் தலைமை தாங்கியதால் வந்த பந்தயம் அது. தலைமைப் பீடத்தில் பெண் இல்லாததால் போன பந்தயமும் அதுவே. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் முதன்முதலாகப் பெண்கள் அங்கத்தினரானது 1981-ஆம் ஆண்டில். கமிட்டி தோன்றி அப்போது எண்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கவென்ட்ரி அதன் தலைவராகப் பொறுப்பேற்றதோ 2025-ஆம் ஆண்டில்தான்.

பெண்கள் முதலில் விளையாட்டில் பயிலட்டும், பதக்கங்கள் வரட்டும், நிர்வாகத் தலைமையெல்லாம் காலப்போக்கில் தானே வந்து சேரும் என்று நல்லெண்ணம் கொண்டவர்களே சொல்லக் கேட்கிறேன். அது தலைகீழான கணக்கு என்பது என் திடமான அபிப்பிராயம். யார் ஆடலாம், எந்த நேரத்தில் ஆடலாம், எந்த உடையில் ஆடலாம், எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்கிற நாற்காலிகளில் பெண்கள் அமர்ந்தாலன்றி, மைதானத்தில் அவர்களுக்கு உள்ள இடம் யாரோ மனமிரங்கி அளித்த சலுகையாகவே இருக்கும். அளித்தவர் நினைத்தால் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் தேசத்தில் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு நான்கு பெண்கள் சென்றார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார்; அதே விளையாட்டுகளில் ஷைனி ஆபிரகாம் 800 மீட்டரில் அரையிறுதிவரை சென்றார். உஷாவின் அந்த 55.42 விநாடி என்ற தேசிய சாதனையை, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுகளில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராமராஜ் சமன் செய்தார். மற்றொரு கணக்கும் உண்டு. 1927-இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக அதே உஷா வந்தது 2022-ஆம் ஆண்டின் இறுதியில். ஓடுகளத்தில் நூற்றிலொரு பங்கு விநாடிக்காகப் போராடிய பெண், நிர்வாக மண்டபத்தின் வாசலை அடைய அந்தச் சங்கம் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

எண்ணூறு மீட்டர் ஓட்டம் தமிழ்நாட்டின் மனச்சாட்சியையும் ஒருமுறை தொட்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுகளில் அந்த ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். இத்தகைய பரிசோதனைகளின் நியாயத்தைக் குறித்து அறிஞர்களிடையே இன்றும் வாதப் பிரதிவாதங்கள் நடக்கின்றன. அதில் நான் புகவில்லை. ஆனால் தவறு ஏதும் இழைக்காத ஒரு கிராமத்துப் பெண்ணின் அந்தரங்கத்தை உலகறியச் செய்தியாக்கிவிட்டு, அவர் மறுபடியும் சூளையில் கூலி வேலைக்குப் போகும்படி விட்டது, விளையாட்டு நிர்வாகம் என்பது மனிதத் தன்மையை எவ்வளவு தூரம் மறக்கக்கூடும் என்பதற்கு அத்தாட்சி. பல ஆண்டுகள் கழித்து, 2016-இல், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்குப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது. தனக்கு இழைக்கப்பட்டதை மனத்தில் சுமந்துகொண்டே பிறர் பிள்ளைகளை ஓடப் பழக்கிய அந்தப் பெருந்தன்மையை நாம் இன்னும் உரிய முறையில் கௌரவிக்கவில்லை.

பதக்கம் பெற்றவர்களுக்கு மாலை சூட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுகளில், தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே கூடிக் கொண்டாடியது. அது முற்றிலும் தகும். நான் கவலைப்படுவது, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சத்தமில்லாமல் மைதானத்தை விட்டு விலகிப்போகிற ஆயிரக்கணக்கான சிறுமிகளைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு வரையில் பையன்களோடு சரிக்குச் சரியாக ஓடிப்பிடித்தும், நொண்டியும் கோகோவும் ஆடியும் வந்தவள், எட்டாம் வகுப்புக்கு வந்ததும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாள். எந்தச் சிற்றூர்ப் பள்ளியின் பி.டி. பீரியடிலும் இதைக் காணலாம்: மைதானத்தின் நடுப்பகுதி முழுவதும் பையன்களின் பந்துக்கு உரியதாக இருக்கும், ஓரத்து நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், இரண்டொருத்தி எழுந்து நின்று வளையத்தை வீசிப் பிடித்தாலும், ஒரு கை துப்பட்டாவின் மீதே இருக்கும், தோளில் குத்திய ஊக்கு கழன்றுவிடுமோ என்று. பத்தாம் வகுப்பிலோ அந்த ஒரு பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது.

வீட்டில் சொல்லப்படுகிற காரணங்களையும் நாம் அறிவோம். வயசுக்கு வந்த பெண் என்பார்கள். வெயிலில் கறுத்துப்போவாள் என்பார்கள். கையோ காலோ முறிந்தால் நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியவளாயிற்றே என்பார்கள். இவற்றைச் சொல்கிற தாய்மார்களை நான் குறைகூற மாட்டேன். இருட்டிய பிறகு பேருந்து இல்லாத ஊரில், விளக்கில்லாத பாதையில், பெண்ணைத் தனியே அனுப்ப அஞ்சுவது தாயின் இயல்பு. அச்சத்தைப் பரிகாசம் செய்வதால் அது அகலாது. அச்சத்தின் காரணத்தைத்தான் அகற்ற வேண்டும்.

நான் அறிந்த ஓர் உடற்கல்வி ஆசிரியை அதைத்தான் செய்தார். மாலைப் பயிற்சிக்கு வர மறுத்த மாணவிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, ஆறரை மணிக்குள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன், என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றினார். கோகோ கம்பங்களும் எறிபந்துகளும் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் நாப்கின் பொட்டலங்களும், மாற்று உடையாக இரண்டு டிராக் பேன்ட்டும் எப்போதும் இருக்கும். மாதவிலக்கு நாளில் ஓடலாமா கூடாதா என்பதை அந்தந்தப் பெண்ணே தன் உடல்நிலையை அறிந்து தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். வேறு மந்திரம் ஒன்றும் அவரிடம் இல்லை. இவ்வளவையும் நினைத்துச் செய்ய ஒரு பெண்ணுக்கு இயன்றதென்றால், அவர் அந்த வயதைத் தாமே கடந்து வந்தவர் என்பதே காரணம்.

உலகச் சுகாதார ஸ்தாபனம், ஐந்திலிருந்து பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, பதினொன்று முதல் பதினேழு வயதுப் பெண்களில் 85 சதவிகிதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் எட்டாதவர்கள் 78 சதவிகிதம். இரு பாலாரின் நிலையுமே வருந்தத்தக்கதுதான். ஆயினும் பெண்ணின் விஷயத்தில் நஷ்டம் மேலும் அதிகம். ஏனெனில் எலும்பின் வலிமை பெரும்பாலும் அந்த வளரிளம் பருவத்திலேதான் சேமிக்கப்படுகிறது, பிற்காலத்தில் எலும்பு தேய்ந்து அவதிப்படுவோரில் பெண்களே மிகுதி. இரத்தசோகை பிடித்த பெண்களை ஓடச் சொல்வது தகுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் 59 சதவிகிதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. அவர்களுக்குத் தேவையானது முட்டையும் கீரையும் பயறும் இரும்புச்சத்து மாத்திரையும். அவற்றைக் கொடுக்காமல் ஓட்டத்தை மட்டும் தடுப்பது வைத்தியமாகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மல்யுத்த வீராங்கனைகள், 2023-ஆம் ஆண்டில், பாலியல் தொல்லைப் புகார்களுக்கு நியாயம் கோரி டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட எத்தனை தகப்பன்மார் தம் பெண்ணின் பயிற்சியை நிறுத்தினார்களோ, அது யார் கணக்கிலும் வராது. 2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்பு ஒவ்வொன்றின் பதினைந்து பேருக்கு மேற்படாத நிர்வாகக் குழுவில் குறைந்தபட்சம் நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. இது வரவேற்கத்தக்கது; ஆனால் மக்கள்தொகையில் பாதியாக இருப்பவர்களுக்கு நான்கு இடம் என்பது தொடக்கமேயன்றி நிறைவாகாது. அந்த நால்வரும் பெயருக்கு அமர்த்தப்பட்டவர்களாக, தீர்மானங்களில் கையெழுத்திடுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறவர்களாக ஆகிவிடாமல், கணக்கு வழக்கைப் பார்க்கவும், அணித் தேர்வில் பேசவும், புகார்களை விசாரிக்கவும் அதிகாரம் உடையவர்களாக இருக்க வேண்டும்.

டெல்லி வெகு தூரம். ஆனால் நம் ஒவ்வோர் ஊர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் அதன் தலைவரே ஒரு மாணவரின் தாயார். சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நாற்காலி அது, தாய்மார்களே. அடுத்த கூட்டத்தில் கட்டடம், சத்துணவு பற்றிய பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள்: நம் பெண்களின் விளையாட்டுப் பீரியட் எந்தப் பாடத்துக்குப் போகிறது? மைதானத்தின் நடுப்பகுதி வாரத்தில் எந்த நாட்களில் அவர்களுக்கு? கழிவறையில் தண்ணீர் வருகிறதா? மாலைப் பயிற்சி முடிந்தால் அவர்களை வீட்டில் கொண்டுவந்து விடுவது யார்? கேட்டதோடு நிறுத்திவிடாமல், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து கையெழுத்திடுங்கள்.